சருகு, சுள்ளி, விறகு, கட்டை

மாசி கடைசியில் பாப்பிரெட்டிப்பட்டியில் ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தால், சேர்வராயன் மலைச்சரிவில் சில நாட்கள் ஒரு சிவப்புக் கோடு தெரியும். முதலில் நெற்றித் திருநீறு மாதிரி மூன்று நான்கு கீற்று. அப்புறம் அவை ஒன்றோடு ஒன்று சேர்ந்து மலைக்கு ஒரு மாலை போட்டதுபோல ஆகிவிடும். "மலை பூத்திருக்குது பாரு கண்ணு" என்பாள் ஆயா. காலையில் வாசல் தெளிக்கப் போனால் கோலப்பொடி டப்பா மேல் கரித்தூள் படிந்திருக்கும். எங்களுக்கு அது வேடிக்கை. காட்டுத்தீ என்று அதற்கொரு பெயர் இருப்பதே பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும்.

பிறகு பத்து வருடங்களாக நான் தமிழில் எழுதப்பட்ட காட்டுத்தீக்களைப் படித்து வருகிறேன். செய்தித்தாள், அரசு ஆவணம், கவிதை, நாவல், முகநூல் பதிவு என்று கையில் கிடைத்ததெல்லாம். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றிய ஒரு வாசிப்பு. தீயைப் பற்றி நாம் எழுதுகிற விதம் சரியில்லை என்பது என் எண்ணம். அது வெறும் நடைப் பிரச்சினை என்றால் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன்.

செய்தித்தாளிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் எந்த மலையில் தீப்பிடித்தாலும் செய்தி நான்கு வாக்கியம்தான். 'மர்ம நபர்கள் வைத்த தீ' அல்லது 'மூங்கில்கள் உரசியதால் ஏற்பட்ட தீ'. 'பல ஏக்கர் பரப்பளவில்' எரிந்தது. 'அரிய வகை மூலிகைகள், மரங்கள் கருகி நாசம்'. 'வனத்துறையினர் பல மணி நேரம் போராடித் தீயைக் கட்டுக்குள் கொண்டுவந்தனர்'. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அடுத்த வருடமும் போட்டுக்கொள்ளலாம். அந்த அரிய மூலிகைகளில் ஒன்றின் பெயரையாவது எந்தச் செய்தியிலாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

மூங்கில் உரசல் சுவாரசியமானது. அது செய்தியாளர் கண்டுபிடித்தது இல்லை. சங்கப் பாலைப் பாட்டுகளிலிருந்தே வருகிறது. கோடைக் காற்றில் மூங்கில் உரசித் தீப்பொறி பறக்கும், அது காட்டைப் பிடிக்கும், அந்த வழியாகத்தான் தலைவன் பொருள் தேடிப் போகிறான். பாட்டில் அது அழகாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே தீக்குக் காரணம் தேவையில்லை. பிரிவின் வெக்கைதான் தேவை. ஆனால் இந்தியாவில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதக் கையால்தான் வருகிறது என்று துறை சார்ந்தவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆகவே இன்றைய செய்தியில் வரும் மூங்கில் ஒரு சாட்சி. யாரையும் காட்டிக்கொடுக்காமல் சாட்சி சொல்கிற நல்ல மனுஷன். மூங்கிலைச் சொல்ல முடியாத இடத்தில் 'மர்ம நபர்' வருகிறார். இருவரில் யார் வந்தாலும் ஒரு கேள்வி தப்பித்துவிடுகிறது: அந்த இடத்தில் அவ்வளவு எரிய என்ன கிடந்தது?

தீக்குச்சி கிழித்தவன் யார் என்பது போலீஸ் கேள்வி. என்ன கிடந்தது என்பது காட்டைப் பார்த்துக்கொள்கிறவன் கேள்வி. தமிழில் முதல் கேள்விக்கு மட்டும்தான் உரைநடை இருக்கிறது.

கவிதையில் அப்படி இல்லை. பாரதியின் அக்கினிக் குஞ்சை எல்லோரும் வீரத்துக்கும் ஞானத்துக்கும் உவமையாகவே படித்து வந்திருக்கிறோம். ஒருமுறை உவமையை ஒதுக்கிவிட்டு நேராகப் படித்துப் பாருங்கள். சின்னத் தீ ஒன்று, காட்டில் ஒரு மரப்பொந்து, பிறகு காடு முழுக்கப் போய்விட்டது. பொந்து என்ற அந்தச் சொல்லைத் தீயணைக்கப் போகிறவர்களிடம் சொன்னால் தலையாட்டுவார்கள். தரையில் ஓடும் சருகுத் தீ அரை மணியில் அடங்கிவிடும். பொந்து மரம் அடங்காது. உள்ளே உளுத்துப்போன மரத்தூளில் கங்கு நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அணைத்துவிட்டோம் என்று இறங்கி வந்த பிறகு, காற்று திரும்பும்போது வெளியே எட்டிப் பார்க்கும். பாரதி இதையெல்லாம் யோசித்து எழுதினார் என்று சொல்ல வரவில்லை. அவர் காலத்தில் தீ தெரிந்தவர்கள் பேசிய சொல் அவர் கைக்குத் தானாக வந்தது என்று மட்டும் சொல்கிறேன். நமக்கு அப்படி வருவதில்லை.

*

இரண்டு வருடம் முன்பு வேறு ஏதோ தேடப்போய், அமெரிக்காவில் காட்டு நிலத்தைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு நடத்தும் பயிற்சிகளின் பாடங்களில் மாட்டிக்கொண்டேன். எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. தீ வருவதற்கு முன்பே காட்டில் கிடக்கும் எரிபொருளைக் குறைக்கத் திட்டம் போடுவது எப்படி என்பதுதான் பாடம். எங்கே புதரை வெட்டுவது, எங்கே குவித்து எரிப்பது, எங்கே தாமாகவே கட்டுப்பாட்டுடன் தீ வைப்பது, எந்த ஈரப்பதத்தில், எந்தக் காற்றில், யார் எங்கே நிற்பது, தப்பி ஓடினால் என்ன செய்வது, கடைசி நிமிடத்தில் 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு. தீ வைக்கும் திட்டம் என்பது ஒருவகையில் நடப்பதற்கு முன்பே எழுதிவிடும் கதை. முடிவு எழுதியபடி வராவிட்டால் எழுதியவர் பதில் சொல்ல வேண்டும். எத்தனை தமிழ் எழுத்தாளர்கள் இந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொள்வோம் என்று தெரியவில்லை.

அந்தப் பாடங்களில் எனக்கு அதிர்ச்சி கொடுத்தது ஒரு அட்டவணை. செத்த எரிபொருளை அவர்கள் பருமனை வைத்து நான்காகப் பிரிக்கிறார்கள். கால் அங்குலத்துக்கும் குறைவான தடிமன் உள்ளது 'ஒரு மணி நேர' எரிபொருள். கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை 'பத்து மணி நேரம்'. ஒன்றிலிருந்து மூன்று அங்குலம் 'நூறு மணி நேரம்'. மூன்றிலிருந்து எட்டு அங்குலம் 'ஆயிரம் மணி நேரம்'. மணி நேரம் என்றால் எரியும் நேரம் அல்ல. வெளிக்காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அந்தப் பொருள் காயவோ நனையவோ எடுத்துக்கொள்ளும் நேரத்தின் அளவு. காலையில் பனியில் நனைந்த சருகு பத்து மணி வெயிலுக்குள் மொறுமொறுவென்று ஆகிவிடும். தொடை தடிமன் கட்டை ஒரு மழையை வாரக்கணக்கில் உள்ளே வைத்திருக்கும். 1972-இல் ரிச்சர்ட் ராதர்மெல் என்ற பொறியாளர் தீ பரவும் வேகத்துக்கு ஒரு கணித மாதிரி எழுதினார். எவ்வளவு எடை, எவ்வளவு தடிமன், எவ்வளவு நெருக்கம், எவ்வளவு ஈரம், எவ்வளவு காற்று, எவ்வளவு சரிவு. இன்றைக்கும் அங்கே கணிப்புகளுக்கு அடித்தளம் அதுதான்.

அட்டவணையைப் பார்த்ததும் எனக்கு ஆயாவின் அடுப்படி ஞாபகம் வந்தது.

ஆயா விறகை ஒரே குவியலாக வைத்ததே இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் கூடையில் சருகும் செத்தையும். அதை ஒட்டி, பெருவிரலைவிட மெல்லிய சுள்ளி. திண்ணைக்குக் கீழே மணிக்கட்டு தடிமனில் விறகு. கொல்லையில், தரையைத் தொடாமல் கல் மேல் தூக்கி வைத்த கட்டை. ஐப்பசி மழை நாட்களில் "சருகு கெடைக்கலன்னா பரவால்ல, சுள்ளி நேத்து வெயில்ல காஞ்சிருக்கும், அத எடு. கட்டையத் தொடாத, அது போன மாச மழைய இன்னும் குடிச்சிகினு இருக்கும்" என்பாள். அமெரிக்க அட்டவணையின் நான்கு வரியும் இதிலேயே இருக்கிறது. சருகு, சுள்ளி, விறகு, கட்டை. நான்கும் ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல. அகராதியில் பார்த்தால் 'காய்ந்த இலை', 'சிறு குச்சி' என்றுதான் போட்டிருக்கும். பெண்கள் பேசுகிறபோது அது தடிமனும் ஈரமும் நேரமும் கலந்த ஒரு கணக்கு.

இதனால் எல்லாம் நம் முன்னோர்களுக்கே தெரியும் என்று மார்தட்டக் கிளம்பவில்லை. அந்தக் கட்டுரைகளை நிறையப் படித்தாகிவிட்டது. ஆயாவுக்கு அடுப்பு தெரியும். சரிவில் இருநூறு ஏக்கர் எரியும்போது காற்று என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது, ராதர்மெல்லுக்குத் தெரியும். என் வருத்தம் மொழி சம்பந்தப்பட்டது. நம் பத்திரிகைகளும் மொழிபெயர்ப்புகளும் இந்தத் துறையைத் தொடும்போது 'எரிபொருள் மேலாண்மை', 'எரிபொருள் குறைப்பு' என்று எழுதுகின்றன. தினசரியில் அந்தத் தலைப்பைப் பார்க்கிறவன் பெட்ரோல் விலையில் ஏதோ சேதி என்று நினைப்பான். சித்தேரி மலையில் புளி பொறுக்கிப் பிழைக்கும் ஒருவரிடம் 'எரிபொருள்' என்று ஆரம்பித்தால், அந்த நிமிடமே அவர் மாணவர் ஆகிவிடுகிறார். 'சருகு எவ்வளவு கெடக்குது?' என்று ஆரம்பித்தால் அவர்தான் வாத்தியார். ஒரு சொல்லில் இருக்கை மாறிவிடுகிறது.

*

எங்கள் பக்கம் கரும்பு உண்டு. கோபாலபுரத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிய பிறகு காட்டில் சோகை முழங்கால் உயரம் கிடக்கும். அதைக் கொளுத்தாதீர்கள், மடக்கி மண்ணில் போடுங்கள் என்று வேளாண்மைத் துறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதுதான் சரியும். ஆனாலும் கொளுத்துகிறவர்கள் கொளுத்துகிறார்கள். என் பெரியப்பா கொளுத்துவதை நான் கூட நின்று பார்த்திருக்கிறேன்.

காலையிலேயே பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொல்லிவிடுவார். வரப்போரம் நான்கு முழ அகலத்துக்குச் சோகையை உள்ளே இழுத்துப் போட்டு மண் தெரிய விடுவார். மோட்டார் போட்டு வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். வெயில் சாய்ந்து காற்று அடங்கும் வரை காத்திருப்பார். இரண்டு தடவை துண்டைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தக் கடைசியில் முதலில் வைப்பார். தீ காற்றை எதிர்த்து அடி அடியாக, முனகிக்கொண்டு பின்னால் நகரும். அந்தப் பக்கம் பத்தடி கறுப்பான பிறகுதான் மற்ற பக்கத்தில் வைப்பார். அப்போது தீ சோவென்று ஓடி வந்து, கறுப்பில் முட்டி, தின்ன ஒன்றுமில்லாமல் செத்துப்போகும். ஒரு நாள் எல்லாம் தயாராக இருந்தும் "காத்து சரியில்ல, நாளைக்கு" என்று கிளம்பிவிட்டார். கூலிக்கு வந்த இருவருக்கும் அன்றைய கூலி கொடுத்தார்.

பயிற்சிப் பாடங்களில் இருக்கும் எல்லா அத்தியாயமும் இந்த மாலையில் இருக்கிறது: அண்டை நிலத்தாருக்கு அறிவிப்பு, தடுப்புக் கோடு, தண்ணீர், காற்று, கறுப்புக் கரை, வேண்டாம் என்று சொல்லும் முடிவு. ஆனால் இதே பெரியப்பா கரும்புக் காட்டைத் தாண்டி, மலையடிவாரத்தில் காப்புக்காட்டின் கல்லைத் தாண்டி ஒரு தீக்குச்சி கிழித்தால் மர்ம நபர் ஆகிவிடுவார்.

1882 சென்னை வனச் சட்டம், இன்று தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் அமலில் இருப்பது, காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. அதற்கு முன்பு மலையில் இருந்தவர்கள் புனக்காடு எரித்துத் தினையும் சாமையும் விதைத்தார்கள். குறிஞ்சிப் பாட்டுகளில் வரும் புனம் அதுதான். சட்டத்துக்குப் பின்னால் இருந்த எண்ணம் எளிமையானது. தீ கெட்டது, ஆகவே தீயே கூடாது. வேடிக்கை என்னவென்றால், அந்த எண்ணத்தில் ஓட்டை விழுந்ததையும் வெள்ளைக்கார வனத்துறையே பதிவு செய்திருக்கிறது. பர்மாவின் தேக்குக் காடுகளைத் தீயிலிருந்து வருடக்கணக்கில் காப்பாற்றிப் பார்த்தபோது கீழே மூங்கிலும் புதரும் அடைத்துக்கொண்டன. தேக்குக் கன்று வரவில்லை. 1896-இல் எச். ஸ்லேட் என்ற வன அதிகாரி 'இந்தியன் பாரஸ்டர்' இதழில், பர்மாவில் தீக்காப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது என்றே ஒரு கட்டுரை எழுதினார். அதன் பிறகு பல இடங்களில் கோடைக்கு முன்பே இளந்தீ வைக்கும் வழக்கம் துறைக்குள்ளேயே வந்தது. துறைக்குத் தெரிந்தது; சட்டத்துக்குத் தெரியவில்லை. இன்றும் வனக்காவலர் தடுப்புக் கோட்டில் புல்லை வெட்டி எரித்தால் அது வேலை. ஊர்க்காரர் எரித்தால் வழக்கு.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கோதாவர்மன் வழக்கில் ஓர் ஆணை போட்டது. தேசியப் பூங்காக்களிலிருந்தும் சரணாலயங்களிலிருந்தும் செத்த மரம், காற்றில் விழுந்த மரம், புல் எதையும் எடுக்கக்கூடாது. மரக் கடத்தலை நிறுத்தப் போட்ட ஆணை. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆயாவின் கண்ணோடு படித்துப் பாருங்கள். சுள்ளியும் விறகும் கட்டையும் வெளியே போகாது, சருகுக்குத் தீ வராது. அடுப்படியில் கூடை நிறைந்துகொண்டே இருக்கிறது.

நம் எல்லையைத் தாண்டி பிளிகிரிரங்கன மலையில் சோளிகர்கள் இதைப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். கோடை தொடக்கத்திலேயே சருகுத் தீ வைப்பது அவர்கள் வழக்கம். தரகு பெங்கி என்பார்கள், தரகு என்றால் சருகு. முழங்காலுக்குக் கீழே ஓடி அடங்கும் தீ. 1974-இல் சரணாலயம் ஆனது. பிறகு தீ நின்றது. உண்ணிச்செடி, லண்டானா, ஏறியது. நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது. இரண்டுக்கும் தீ நின்றதுதான் காரணம் என்கிறார்கள் சோளிகர்கள். அங்கிளா ஹிரேமத்தும் பரத் சுந்தரமும் 2005-இல் எழுதிய கட்டுரையில் ஏறக்குறைய எதிர்ப்பக்கத்தை முன்வைத்தார்கள்: தீயும் லண்டானாவும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சியாக இருக்கலாம் என்று. பிறகு அவர்களே அந்த மலையில் விரிவாகக் களஆய்வு செய்து, சோளிகர்களிடமும் கேட்டு, பழைய சருகுத் தீ லண்டானாவை அடக்கியிருக்கலாம் என்ற பக்கத்தையும் எழுதினார்கள். தன் முந்தைய கட்டுரையோடு தானே சண்டை போடுகிற ஆய்வாளரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைய நிலையில், ஆள் உயரம் லண்டானா அடைத்த காட்டில் பழைய மாதிரி தீ வைத்தால் அது முழங்காலில் நிற்காது. புதர் ஏணியாகி மர உச்சிக்குக் கொண்டுபோகும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பல ஆயிரம் ஏக்கர் எரிந்தபோது அதைத்தான் பார்த்தோம். வழக்கத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதாது. முதலில் வெட்டிக் குறைக்க வேண்டும், எங்கே எவ்வளவு என்று உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். பயிற்சி தேவைப்படுவது இங்கேதான்.

*

2018-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் காட்டுத்தீ பற்றிய தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. ஒரு ஆவணத்தை இலக்கியம் மாதிரிப் படிப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயம்தான், கவிதையைவிட அதற்குத்தான் ஆட்கள் அதிகமாகக் கட்டுப்படுகிறார்கள். காட்டோர மக்களைப் பற்றி அதில் வரும் வினைச்சொற்களைக் கவனித்தேன். அவர்களுக்குத் தகவல் தருவது, திறன் தருவது, அதிகாரம் தருவது, ஊக்கத்தொகை தருவது, அதன் வழியாக வனத்துறையோடு சேர்ந்து வேலை செய்ய வைப்பது. நல்ல எண்ணம்தான். ஆனால் எல்லா வினையும் ஒரே திசையில் ஓடுகிறது, மலை மேலிருந்து வரும் தண்ணீர் மாதிரி. கேட்பது என்ற வினை அந்தப் பட்டியலில் இல்லை.

எச்சரிக்கை அமைப்பு மட்டும் உண்மையாகவே முன்னேறியிருக்கிறது. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004-லிருந்து செயற்கைக்கோள் வழியாகத் தீயைக் கண்டு சொல்கிறது. முதலில் ஒரு கிலோமீட்டர் கட்டம், 2017 முதல் 375 மீட்டர் கட்டம். சேர்வராயன் சரிவில் ஆயா 'பூத்திருக்கு' என்று சொன்ன கோடு இப்போது வனச்சரகத்துக் கைப்பேசியில் குறுஞ்செய்தியாக வந்துவிடும். ஆனால் செயற்கைக்கோளுக்கு எரிவது தெரியும். நேற்று எரியாமல் கிடந்தது என்ன என்பதை யாராவது நடந்துபோய்ப் பார்த்தால்தான் உண்டு.

நடந்துபோய்ப் பார்ப்பவர்கள் யார்? கோடைக்கு மட்டும் தினக்கூலிக்கு எடுக்கப்படும் தீத்தடுப்புக் காவலர்கள். பெரும்பாலும் அந்தந்த மலைக்காரர்கள். வாட்டர் பாட்டில், அரிவாள், பச்சைத் தழை. இப்போது சில இடங்களில் சருகை ஊதித் தள்ளும் இயந்திரமும். 1912-லிருந்து கோயம்புத்தூரில் வனக் கல்லூரி இருக்கிறது. அதிகாரிகள் அங்கே படிக்கிறார்கள். தழையைப் பிடிக்கிறவனுக்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவில் 2008-லிருந்து நடக்கும் தீப்பயிற்சிப் பரிமாற்ற முகாம்களைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அரசு ஊழியர், பழங்குடிகள், தன்னார்வலர், பண்ணைக்காரர் எல்லோரும் ஒரே முகாமில் தங்கி, ஒரே நிலத்தில், உண்மையான தீயை வைத்துக் கற்றுக்கொள்கிறார்கள். இங்கே அப்படி ஒரு முகாம் நடத்த முடியுமா? தருமபுரி மாவட்டத்தில் அதற்கு முன்னால் ஒரு பெயர் குறுக்கே நிற்கிறது.

வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சித்தேரி அடிவாரத்து ஊருக்குள் புகுந்தார்கள். அதன் பிறகு நடந்ததை நீதிமன்றம் பத்தொன்பது வருடம் கழித்து எழுதியது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. பதினெட்டுப் பெண்களுக்கு நடந்த பாலியல் வன்கொடுமை நிரூபணமானது. 2023-இல், அதே செப்டம்பர் 29-இல், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதையெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. சீருடை போட்ட ஒருவர் அந்த மலையில் ஒரு முதியவரிடம் போய், "நீங்க முன்னெல்லாம் எந்த மாசத்துல, எந்தப் பக்கமிருந்து தீ வெப்பீங்க?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு இதைவிட நல்ல முதல் கேள்வி இல்லை. அதற்கு உண்மையான பதில் ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலம். யார் சொல்வார்? "மூங்கில் ஒரசிதாங்க புடிக்கும் சார்" என்றுதான் சொல்வார். சங்கப் பாட்டின் படிமம் அரூர் காட்டில் உயிரோடு இருப்பதற்குக் காரணம் மரபுத் தொடர்ச்சி அல்ல, பயம்.

*

குரங்கணியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம். கொழுக்குமலைப் பக்கம் மலையேறப் போனவர்கள் இறங்கும் வழியில் புல்வெளித் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த ஒரு மாதம் தமிழ் இணையம் முழுக்க அஞ்சலி. நானும் ஒன்று எழுதினேன். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. இயற்கையின் சீற்றம், கனவுகள் கருகின, இந்த வகையில். புல் எவ்வளவு உயரம், கடைசியாக எப்போது எரிந்தது, சரிவு எந்தப் பக்கம் பார்த்தது, மதியக் காற்று எந்தத் திசை என்று ஒரு வரியும் என் கட்டுரையில் இல்லை. அந்தக் கேள்விகள் ஈவிரக்கமற்றவை என்று அன்று நினைத்திருப்பேன்.

நார்மன் மக்லீன் அப்படி நினைக்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்திய வாத்தியார். 1949 ஆகஸ்ட் 5-இல் மொண்டானாவில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில், புல் மூடிய சரிவில், தீயணைக்கப் போன 13 இளைஞர்கள் இறந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு மக்லீன் அந்தத் தீயைப் பற்றி எழுத உட்கார்ந்தார். வயதான காலத்தில் அந்தச் சரிவில் நடந்தார், உயிர் தப்பியவர்களைத் தேடிப் பேசினார், மிசூலாவில் தீ ஆய்வகத்துக்குப் போய் ராதர்மெல்லிடமே கணக்குக் கேட்டார். புத்தகத்தை முடிக்காமலே 1990-இல் இறந்துபோனார். 'யங் மென் அண்ட் ஃபயர்' 1992-இல் வந்தது. அதில் துக்கத்துக்கும் கணக்குக்கும் நடுவில் சுவர் இல்லை. எத்தனை நிமிடம், எத்தனை அடி, என்ன சரிவு என்று அவர் எண்ண எண்ணத்தான் அந்தப் பையன்கள் நமக்கு ஆட்களாகிறார்கள். அந்தக் குழுவின் தலைவர் வேக் டாட்ஜ், பின்னால் தீ துரத்தி வரும்போது நின்று, எதிரே இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, எரிந்து முடிந்த சாம்பலில் படுத்துக்கொண்டார். மற்றவர்களையும் கூப்பிட்டார். யாரும் வரவில்லை, தீயில் இறங்குகிறான் பைத்தியக்காரன் என்று நினைத்திருக்கலாம். அவர் பிழைத்தார். எரிந்த இடத்தில் எரியாது என்ற, பெரியப்பாவின் கரும்புக் காட்டு அறிவுதான். ஆனால் அதை முன்பே பார்த்திராதவனுக்கு அந்த நிமிடத்தில் நம்ப முடியாது. பயிற்சி என்பது அந்த நம்பிக்கையை முன்கூட்டியே உடம்பில் போட்டு வைப்பது.

குரங்கணிக்கு நம்மிடம் மக்லீன் வரவில்லை. நம் காட்டு எழுத்து இன்னும் காட்டுக்குப் போகிறவனின் எழுத்தாகவே இருக்கிறது. பரவசம், யானை, மழை, மனம் கழுவப்படுதல். அதில் நல்ல படைப்புகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். காட்டில் வேலை பார்ப்பவனின் உரைநடை இல்லை. புதர் எங்கே அடைத்திருக்கிறது என்று கவலைப்படுகிற ஒரு கதாபாத்திரம்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஞாபகம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

தீ வைக்கச் சொல்லிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். 2000 மே மாதம் நியூ மெக்சிகோவில், தேசியப் பூங்காத் துறை திட்டம் போட்டு வைத்த தீயே தப்பி ஓடி லாஸ் அலமாஸ் நகரத்துக்குள் புகுந்து இருநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களை எரித்தது. 2022-இல் அதே மாநிலத்தில், வனத்துறை ஏப்ரலில் வைத்த தீ தப்பித்து, இன்னொரு இடத்தில் குவித்து எரித்த குவியலில் மாதக்கணக்கில் உறங்கிய கங்கோடு சேர்ந்து, மூன்று லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது. அந்த மாநில வரலாற்றிலேயே பெரிய தீ. எல்லாப் பாடமும் படித்தவர்கள் வைத்தது. பொந்தில் வைத்த குஞ்சு அங்கேயும் அதே குஞ்சுதான். காத்து சரியில்லை என்று பெரியப்பா கிளம்பிப் போனாரே, அவருக்கு மேலே அதிகாரி இல்லை, நிதியாண்டு முடிவு இல்லை, இத்தனை ஏக்கர் முடித்தாக வேண்டும் என்ற இலக்கு இல்லை. பயிற்சியால் கொடுக்க முடியாதது அந்தச் சுதந்திரம்.

போன பங்குனியில் ஊருக்குப் போனபோது வாணியாறு அணைக்குப் போகும் வழியில் டீக்கடையில் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பல கோடைகள் தீத்தடுப்புக்குக் கூலிக்குப் போனவர். அணைத்த கதைகளை எல்லாம் சொன்னார், பொந்து மரக் கதை உட்பட. பேச்சு வாக்கில், மலையில் தீ வைப்பது என்றால் எப்போது வைக்கலாம் என்று கேட்டுவிட்டேன். கிளாஸைக் கீழே வைத்தார். என் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தார்.

"எழுதுவீங்களா?"

"பேரு போட மாட்டேன்."

கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துவிட்டு, "தை கடைசியில, பனி இன்னும் சருகு மேல இருக்கற சமயத்துல, மேல இருந்து கீழ வெக்கணும். அப்ப தீ நடக்கும். மாசி முடிஞ்சி கீழ இருந்து வெச்சா ஓடும்" என்றார். பிறகு, "எங்கப்பா சொல்லுவாரு. நான் பாத்ததில்ல" என்று சேர்த்துக்கொண்டார்.